கலைஞர்களின் முன்கதையை முழுதாக எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் திரைப்படத் துறையினரையும் தொலைக்காட்சித் துறையினரையும் பற்றி வெளிவரும் அறிமுகக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் செல்கின்றன. வறுமை, கோடம்பாக்கத்துக்கு வந்து இறங்கிய நாள், பட்டினி, அவமானம், முதல் வாய்ப்பு, வெற்றி என்ற வரிசை மாறுவதே இல்லை. அந்தக் கலைஞர் அதற்கு முன் பார்த்த வேலையோ, தப்பித்து வந்த சிறையைப் போல ஒரே வரியில் சொல்லி முடிக்கப்படுகிறது. இப்படி எழுதுவது பலருடைய வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்பதுடன், இத்துறைக்குள் வர நினைக்கும் இளைஞர்களுக்குத் தவறான வழியையும் காட்டுகிறது என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நன்னிலம் பகுதியில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, முத்துப்பேட்டையில் சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு, 1950-இல் சென்னை அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் கே. பாலசந்தர். நாடகங்கள் எழுதியதும், நாடகக் குழு நடத்தியதும், 1964-இல் வெளிவந்த எம்.ஜி.ஆர். படமான ‘தெய்வத்தாய்’க்கு வசனம் எழுதியதும் அந்த வேலையில் இருந்துகொண்டுதான். அதே காலத்தில் ரயில்வேயில் எழுத்தராக இருந்த தாராபுரத்து நாகேஷ், ரயில்வே ஊழியர்கள் போட்ட நாடகம் ஒன்றில் வயிற்றுவலிக்காரராகச் சிறிது நேரமே மேடையில் தோன்றி, தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்றார் என்பதைத் தமிழ் வாசகர்கள் பலரும் அறிவார்கள். இவ்விருவர் கதையிலும் அலுவலகம் தடையாக நிற்கவில்லை. மாலையில் முடிந்துவிடும் வேலை, மாதம் தவறாத சம்பளம், நடிக்க ஆசைப்பட்ட சக ஊழியர்கள், அலுவலகங்களில் இருந்த மனமகிழ் மன்றங்கள், நாடகம் கேட்டு அழைத்த மயிலாப்பூர், திருவல்லிக்கேணி சபாக்கள் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அந்த நாடக உலகத்தை உருவாக்கின. மாதச் சம்பளத்தில் வாழும் நடுத்தரக் குடும்பத்தின் கணக்குகளையும் கவலைகளையும் பாலசந்தர் பிற்காலத்தில் அவ்வளவு நெருக்கமாகக் காட்ட முடிந்ததற்கு அவர் அந்த அலுவலகத்தில் கழித்த ஆண்டுகளும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

2024 நவம்பரில் மறைந்த டெல்லி கணேஷின் வாழ்க்கையும் இத்தகையதே. ஏறத்தாழ பத்தாண்டுகள் இந்திய விமானப் படையில் பணியாற்றியவர் அவர். தலைநகரில் தமிழர்கள் நடத்திய நாடகக் குழுவில் பயின்று, 1977-இல் பாலசந்தரின் படத்தின் மூலம் திரைக்கு வந்தார். அந்த ஊரின் பெயரே அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளில் விமானப் படைப் பணி தவறாமல் இடம்பெற்றது. ஆனால் வெளியூரில் வேலை பார்த்த தமிழர்கள் மொழிக்காகவும் ஒருவரை ஒருவர் சந்திப்பதற்காகவும் நடத்திய அந்த நாடகச் சங்கங்கள் தமிழ்த் திரைக்கு நடிகர்களைத் தந்தன என்ற செய்தியை விரிவாக எழுதியவர்கள் குறைவு.

வறுமை உண்மையான காரணமாக இருந்த தலைமுறையும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. எம்.ஜி.ஆர்., பி.யு. சின்னப்பா, சிவாஜி கணேசன் போன்றவர்கள் சிறுவயதிலேயே பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட நாடகக் குழுக்களில் சேர்ந்தவர்கள். பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறு கிடைத்தால் போதும் என்று அனுப்பிவைத்த குடும்பங்கள் பல. மன்னார்குடியில் பிறந்து, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடை வழியாக 1958-இல் திரைக்கு வந்த மனோரமாவின் இளமையும் எளிதானதன்று. ஆயினும் அங்கேகூட, பட்டினியைப் பற்றி நான்கு பத்திகள் எழுதும் கட்டுரையாளர், ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி வரிசைவரை குரலைக் கொண்டுசெல்லவும், பல நாடகங்களின் பாடங்களை ஒருசேர மனப்பாடமாக வைத்திருக்கவும், ராஜபார்ட் எனப்பட்ட கதாநாயக நடிகர் வராத நாளில் அந்த வேடத்தை ஏற்று ஆடவும் அப்பிள்ளைகள் கற்றுக்கொண்ட விதத்தைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதலாம் அல்லவா? பசி அவர்களை நடிகர்களாக்கிவிடவில்லை. வாத்தியார்களின் கண்டிப்பான பயிற்சியே அவர்களை உருவாக்கியது.

கோவையில் மில் தொழிலாளியாக இருந்து, உடற்பயிற்சியால் ‘சாண்டோ’ என்று பெயர் பெற்று, 1956-இல் சொந்தப் பட நிறுவனம் தொடங்கிய சின்னப்பா தேவர், சுகாதாரத் துறையில் வேலை பார்த்துவிட்டுக் கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகாலிடம் உதவியாளராகச் சேர்ந்த பாரதிராஜா, மட்டக்களப்பில் பிறந்து புணே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, மலையாளப் படங்கள் வழியாகத் தமிழுக்கு வந்த பாலு மகேந்திரா என்று வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தவர்களின் வரிசை நீளமானது. நம் காலத்துக்கு வந்தால், துபாயில் கணக்காளராக வேலை பார்த்த விஜய் சேதுபதி, ஊர் திரும்பியபின் ந. முத்துசாமியின் நாடகக் குழுவான கூத்துப்பட்டறைக்குள் நுழைந்ததும் கணக்காளராகத்தான். வரவு செலவு எழுதிக்கொண்டே நடிகர்களின் பயிற்சியை அருகிலிருந்து கவனித்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தொலைக்காட்சித் தொடர், குறும்படங்கள், பெயர் தெரியாத சிறு வேடங்கள் என்று சில ஆண்டுகள் கழிந்த பிறகே 2010-இல் அவர் நாயகனாக அறிமுகமானார். கைத்தொழில் ஒன்று இருந்ததால் ஒரு நல்ல பயிற்சிக்கூடத்தின் கதவு அவருக்குத் திறந்தது என்பதை ஊரிலிருந்து பேருந்து ஏற நினைக்கும் இளைஞர் தெரிந்துகொள்ள வேண்டாமா? வேலையை உதறிவிட்டுத் துன்பப்படுவதே தகுதி என்ற எண்ணத்தை நம் கட்டுரைகள் அவர்களிடம் விதைத்துவிடுகின்றன.

மேலே ஏறுவது ஒன்றே பயணம் என்ற பார்வையின் இன்னொரு தீங்கு, ‘சின்னத்திரைக்குப் போய்விட்டார்’ என்று இரங்கல் தொனியில் எழுதும் பழக்கம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இலும் சன் தொலைக்காட்சி 1993-இலும் தொடங்கியபின், பல கலைஞர்களுக்கு அது தொடர்ந்து வேலையும் புதிய பொறுப்புகளும் தந்த இடமாயிற்று. புகழின் உச்சியைப் பார்த்துவிட்ட பாலசந்தரே விருப்பத்தோடு தொடர்கள் எடுத்தார். 1978-இல் திரைக்கு வந்த ராதிகா, தொலைக்காட்சித் தொடர்களில்தான் தயாரிப்பாளராகவும் தொழில் நடத்துபவராகவும் வளர்ந்தார். ஒரு நடிகைக்கு வயது ஏறியதும் அக்கா, அம்மா வேடங்களுக்கு மேல் எதையும் தராத திரைப்படத் துறை அந்த வாய்ப்பைத் தந்திருக்குமா என்பது ஐயமே. நாடகம், பின்னணிக் குரல், தொலைக்காட்சி, திரைப்படம் என எல்லாவற்றிலும் உழைத்த எம்.எஸ். பாஸ்கர் 71-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகருக்கான விருதைப் பெற்றபோது, அந்த உழைப்பு முழுவதும் அவருடைய நடிப்பில் சேர்ந்திருந்ததை உணர முடிந்தது. துறையை விட்டு விலகியவர்களையும் இங்கே சேர்க்க வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்து, செய்தித்தாள் நறுக்குகளைத் திரட்டி வைப்பது உள்ளிட்ட வேலைகளை ஆண்டுக்கணக்கில் செய்த அசோகமித்திரன், அங்கிருந்து வெளியேறித் தம் எழுத்தை நம்பியே வாழ்ந்தார்.

இதுவரை சொன்னவர்கள் பெயர் பெற்றவர்கள். லைட்மேன்கள், ஒப்பனைக் கலைஞர்கள், குழு நடனக் கலைஞர்கள், டப்பிங் கலைஞர்கள், தையல்காரர்கள், புரொடக்‌ஷன் சமையல்காரர்கள் ஆகியோரின் பாதைகள் யாராலும் எழுதப்படாமலேயே போகின்றன. ஜெமினி, ஏவி.எம்., சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற ஸ்டூடியோக்கள் ஆட்களை மாதச் சம்பளத்தில் வைத்திருந்த காலம் போய், நாள் கூலியும் பேட்டாவும் வந்தபோது, இவர்களுடைய வாழ்க்கை தலைகீழாக மாறியது. அந்த மாற்றத்தின் நடுவே இவர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று உழைத்தவர்களில் இருவர், வங்காளத்திலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் ஆவர். சீனிவாசன் மாணவப் பருவத்திலேயே பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டு, டெல்லியில் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலனிடம் செயலாளராக இருந்தவர். இசைக் கலைஞர்களின் கூலியைப் பற்றித் தயாரிப்பாளர்களிடம் அஞ்சாமல் பேசும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அந்த முன்கதையைப் படிக்காமல் எவரும் விளங்கிக்கொள்ள முடியாது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி ஒரு கலைஞரைப் பற்றியோ தொழிலாளரைப் பற்றியோ எழுதும்போது, முன்பு எந்த வேலையில் எத்தனை ஆண்டுகள் இருந்தார், அதில் கற்றது எது, யாருடைய அறிமுகத்தால் உள்ளே வந்தார், சங்க உறுப்பினர் அட்டை எப்போது கிடைத்தது, வாய்ப்பில்லாத ஆண்டுகளில் வீட்டு வாடகையை யார் கொடுத்தார் ஆகிய கேள்விகளைத் தங்கள் செய்தியாளர்கள் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பலரும் மனைவியின் சம்பளத்தையோ அக்காளின் நகையையோ சொல்லக்கூடும். அதையும் மறைக்காமல் அச்சிட வேண்டும். நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்களில் இன்று நம்மிடையே எஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலர். 1975-இல் சென்னைத் தொலைக்காட்சியில் இளைஞர்களாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடமிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கே.கே. நகர், சென்னை.