என் வாடகைய நம்பி நீ கணக்கு போடாதடி

அடியே ரூம்மேட்டு,

நேத்து ராத்திரி உன் வாய்ஸ் மெசேஜ கேட்டதுலேர்ந்து மனசு ஒரு இடத்துல நிக்கலடி. உன் வீட்டுக்காரரு அண்ணாவுக்கு துபாய்ல வேலை கெடச்சிருக்கு, மாசம் 12,000 திர்ஹாம், நம்மூரு காசுக்கு கிட்டத்தட்ட 3 லட்சம் வருதேன்னு நீ சொன்ன அந்த குரல்ல இருந்த சந்தோஷத்த கேட்டுட்டு நானும் இவர எழுப்பி சொன்னேன், பாருங்க அவ வரப்போறா, திருச்சி ஹாஸ்டல்ல விட்ட கதைய இங்க வந்து பேசப்போறோம்னு. அப்புறம் நீ கடைசில கேட்டல்ல, "நீ இப்ப எவ்ளோ வாடகை குடுக்குற, அதே மாதிரி ஒண்ணு எங்களுக்கும் பாத்துரலாம்ல"ன்னு, அங்கதான் எனக்கு தூக்கம் போச்சு. ஃபோன்ல சொன்னா பாதி மறந்துரும், அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி, அண்ணாவயும் படிக்க சொல்லு.

நான் இப்ப குடுக்குறது வருஷத்துக்கு 41,400 திர்ஹாம், துபாய் குசைஸ்ல ஒரு பெட்ரூம் ஹால் கிச்சன். இதே பில்டிங்ல இதே அளவு வீட்டுக்கு போன மாசம் புதுசா வந்த ஒரு கேரளா குடும்பம் 60,000க்கு மேல குடுத்துதான் உள்ள வந்துருக்காங்க. ஒரே மாதிரி கிச்சன், ஒரே மாதிரி பால்கனி, நாங்க 2021 மார்ச்ல வந்தோம் அவங்க இப்ப வந்தாங்க, அவ்ளோதான் வித்தியாசம். கொரோனாவுக்கு அப்புறம் ஊரே காலியா கெடந்தப்ப 36,000க்கு எங்களுக்கு அமைஞ்சுது, அதுக்கப்புறம் வாடகை ஏறுன ஏத்தம் கொஞ்சநஞ்சம் இல்ல. நீ யார்கிட்ட கேட்டாலும் அவங்கவங்க குடுக்குற பழைய வாடகையதான் சொல்லுவாங்க, பொய் சொல்லணும்னு இல்ல, அவங்களுக்கு தெரிஞ்சது அதுதான். புதுசா வர்றவங்களுக்கு அந்த விலை கெடைக்காதுடி. அதனால என் வாடகைய வச்சு நீ கணக்கு போடவே கூடாது.

ஏன் இப்படின்னா, இங்க ஏற்கனவே குடியிருக்குறவங்களுக்கு சட்டத்துல ஒரு பாதுகாப்பு இருக்கு. கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது ஓனர் இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. 2013ல வந்த ஒரு உத்தரவு இருக்கு, நம்ம வாடகை மார்க்கெட் வாடகைய விட 10 சதவீதம் வரைக்கும் கம்மியா இருந்தா ஒரு பைசா கூட ஏத்தக்கூடாது, 11லேர்ந்து 20 வரைக்கும் கம்மின்னா 5 சதவீதம் ஏத்தலாம், அப்படியே படிப்படியா போய் 40க்கு மேல கம்மியா இருந்தாலும் அதிகபட்சம் 20 சதவீதம்தான். மார்க்கெட் வாடகை எவ்ளோன்னு ஓனரோ ஏஜென்ட்டோ சொல்ல முடியாது, துபாய் நிலத்துறையோட இண்டெக்ஸ் சொல்லணும், 2025 ஜனவரிலேர்ந்து அத பில்டிங் வாரியா ஸ்டார் போட்டு மாத்திட்டாங்க. ஆனா காலி வீட்டுக்கு புது கான்ட்ராக்ட் போடுறப்ப இந்த தடுப்பு எதுவும் கெடையாது, கேக்குறதுதான் விலை.

எங்களுக்கு நடந்தத சொல்றேன் கேளு. 2024 ஜனவரி, பொங்கல் முடிஞ்ச வாரம், ஓனர் ஆளுங்ககிட்டேர்ந்து ஒரு மெசேஜ், மார்ச்லேர்ந்து வாடகை 58,000, இஷ்டம் இல்லன்னா காலி பண்ணுங்கன்னு. 36,000லேர்ந்து ஒரே தாவா 58,000. அன்னிக்கு ராத்திரி நாங்க ரெண்டு பேரும் சாப்பிடல, சின்னவன் பரீட்சைக்கு படிச்சிட்டு இருந்தான், அவனுக்கு தெரியக்கூடாதுன்னு கிச்சன்ல நின்னு மெதுவா பேசிக்கிட்டோம். இவரு திரும்ப ஷார்ஜாவுக்கே போயிரலாம்னாரு, நான் பிள்ளைங்கள கூட்டிட்டு ஊருக்கு போயிர்றேன்னேன். மறுநாள் இவரு ஆஃபீஸ்ல ஒரு பெரியவரு, முப்பது வருஷமா இங்க இருக்குறவரு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், கான்ட்ராக்ட் முடிய எத்தன நாள் இருக்குன்னு. எண்ணிப் பாத்தா அறுபது நாளு கூட இல்ல. வாடகைய மாத்தணும்னா 90 நாள் முன்னாடியே சொல்லிருக்கணும், அது சட்டம், 2007ல வந்த 26ம் நம்பர் சட்டம், 2008ல திருத்துனது. இவரு உக்காந்து சட்டத்தோட நம்பர் எல்லாம் போட்டு மரியாதையா ஒரு ஈமெயில் அனுப்புனாரு.

அதுக்கு பதிலா வந்தது வேற மிரட்டல், வீட்ட விக்கப்போறோம், மார்ச்ல காலி பண்ணுங்கன்னு. அதுக்கும் வழி இருக்குடி, விக்கிறதுக்கோ அவங்களே குடி வர்றதுக்கோ காலி பண்ண சொல்லணும்னா 12 மாசம் முன்னாடி நோட்டரி மூலமாவோ பதிவுத் தபால்லயோ நோட்டீஸ் குடுக்கணும், வாட்ஸ்அப் மெசேஜெல்லாம் செல்லாது. நாங்களே குடி வர்றோம்னு சொல்லி காலி பண்ண வச்சா ரெண்டு வருஷத்துக்கு அத வேற யாருக்கும் வாடகைக்கு விடக்கூடாது. இதையும் எழுதி அனுப்புனோம். பத்து நாள் பதிலே இல்ல, அந்த பத்து நாளும் எனக்கு வயித்துல நெருப்புதான், வாடகை கோர்ட்டுக்கு போகணும்னா வருஷ வாடகைல மூணரை சதவீதம் ஃபீஸ் கட்டணும்னு அதையும் தனியா எடுத்து வச்சோம். போக வேண்டி வரல, அதே 36,000க்கு கையெழுத்து போட்டு அனுப்புனாங்க. அடுத்த வருஷம் அவங்களும் உஷாராகி நவம்பர் கடைசிலயே முறையா நோட்டீஸ் குடுத்தாங்க, இண்டெக்ஸ்ல 15 சதவீதம் ஏத்தலாம்னு காட்டுச்சு, 5,400 கூடி 41,400 ஆச்சு, மறுபேச்சு பேசாம குடுத்துட்டோம். அது நியாயமான ஏத்தம்தானே.

இப்ப உன் கணக்குக்கு வர்றேன். மாச வாடகைங்குற நினைப்பையே விட்டுரு, இங்க எல்லாம் வருஷக் கணக்கு, அதுக்கு வரப்போற தேதிங்க போட்டு முன்னாடியே குடுக்குற செக். ஒரே செக்கா குடுத்தா வாடகை கொஞ்சம் கொறையும், நாலு செக் ஆறு செக்குன்னா கூடும். 60,000க்கு நாலு செக்ல ஒரு வீடு அமையுதுன்னு வச்சுக்க, சாவி வாங்குற அன்னிக்கே மொத செக் 15,000, டெபாசிட் 5 சதவீதம் 3,000, ஏஜென்ட்டுக்கு 5 சதவீதம் அதுக்கு மேல வரி வேற, அது ஒரு 3,150, கரண்டு தண்ணிக்கு தேவாவுல டெபாசிட் 2,000, எஜாரின்னு கான்ட்ராக்ட பதிவு பண்ண ஒரு 200 சொச்சம். கூட்டுனா 23,000 தாண்டிருச்சு, நம்மூரு காசுக்கு அஞ்சரை லட்சம். வீடு வெறும் வீடா இருக்கும், ஃப்ரிட்ஜ் ஸ்டவ் கட்டில் எதுவும் இருக்காது, அதெல்லாம் தனி. சென்னைல பத்து மாச அட்வான்ஸ் குடுத்தப்ப நீ எப்படி அழுத, ஆனா அந்த காசு திரும்பி வந்துச்சுல்ல, இங்க அந்த 5 சதவீத டெபாசிட்டும் தேவா டெபாசிட்டும்தான் திரும்பி வரும். அப்புறம் தேவா பில்ல மாசாமாசம் ஹவுசிங் ஃபீஸ்னு ஒண்ணு சேந்து வரும், வருஷ வாடகைல 5 சதவீதத்த பன்னெண்டா பிரிச்சு, 60,000 வாடகைக்கு மாசம் 250. இத பத்தி எந்த ஏஜென்ட்டும் வாய தொறக்க மாட்டான். ஏசி சில்லர், அதாவது பில்டிங்குக்கே பொதுவா வர்ற கூலிங், ஃப்ரீயா இல்ல தனி பில்லான்னு முன்னாடியே கேட்டுரு, ஜூலை ஆகஸ்ட்ல ஏசிய அணைக்கவே முடியாது.

இதுல இன்னொரு சிக்கல், செக் வேணும்னா பேங்க் அக்கவுன்ட் வேணும், அதுக்கு எமிரேட்ஸ் ஐடி வேணும், அது வர கொஞ்ச நாள் ஆகும், புதுசா வந்தவருக்கு பேங்க் உடனே செக் புக் தரவும் யோசிப்பான். அதனால அண்ணா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கம்பெனிகிட்ட ரெண்டு விஷயம் கேக்கணும். வீட்டு வாடகைக்கு ஒரு வருஷ அட்வான்ஸ் தருவீங்களா, சம்பளத்துல மாசாமாசம் புடிச்சுக்கோங்கன்னு. மொத ஒரு மாசம் தங்க இடம் தருவீங்களா. நெறைய கம்பெனில இது உண்டு, கேட்டாதான் சொல்லுவாங்க, கூச்சப்படாம கேக்க சொல்லு. வேலை போச்சுன்னா கான்ட்ராக்ட பாதில முறிக்க ரெண்டு மாச வாடகை அபராதம்னு பொதுவா எழுதிருப்பாங்க, அதயும் கொறைக்க முடியுமான்னு கையெழுத்துக்கு முன்னாடியே பேசணும், அப்புறம் பேச முடியாது.

ஷார்ஜா பத்தி கேட்டல்ல. நாங்க 2014லேர்ந்து ஏழு வருஷம் அங்கதான் இருந்தோம், அல் நஹ்தாவுல. அல் நஹ்தான்னு துபாய்லயும் ஒண்ணு ஷார்ஜாவுலயும் ஒண்ணு, நடுவுல ஒரு ரோடுதான், இந்தப்பக்கம் ஜன்னல்லேர்ந்து பாத்தா அந்தப்பக்கம் காயப்போட்ட துணி தெரியும், ஆனா வாடகை ஷார்ஜா பக்கம் எவ்ளோ கம்மி தெரியுமா. இப்ப புது சட்டப்படி அங்க மொத மூணு வருஷம் வாடகைய ஏத்தவும் கூடாதாம், அது நல்ல விஷயம்தான். ஆனா இவருக்கு ஆஃபீஸ் துபாய்க்குள்ள அல் கூஸ்ல, சாயங்காலம் ஆறு மணிக்கு கெளம்புனா வீடு வந்து சேர ஏழரை எட்டாயிரும், மழை வந்தா கேக்கவே வேணாம். பெரியவ நடக்க ஆரம்பிச்சத, மொத வார்த்த பேசுனத இவரு ஃபோன்ல வீடியோவாத்தான் பாத்தாரு. அந்த ஏழு வருஷத்துல மிச்சம் புடிச்ச காசு என்னன்னு எனக்கு தெரியும், அதுக்கு என்ன குடுத்தோம்னும் தெரியும். அண்ணாவுக்கு ஆஃபீஸ் எங்கன்னு நீ சொல்லவே இல்ல, அது தெரியாம ஷார்ஜா நல்லதா கெட்டதான்னு நான் சொல்ல மாட்டேன். டோல் வேற, 2025 ஜனவரி கடைசிலேர்ந்து பீக் டைம்ல ஒரு கேட்டுக்கு 6 திர்ஹாம்.

அண்ணா மட்டும் வந்து பெட் ஸ்பேஸ்ல, அதாவது ஒரு ரூம்ல ஒரு கட்டில மட்டும் வாடகைக்கு எடுத்து இருக்கட்டும், நீங்க அப்புறம் வரலாம்னு உங்க மாமனார் சொல்றாருன்னியே, அதுக்கும் சொல்றேன். இவரு 2012ல துபாய் சத்வாவுல அப்படித்தான் இருந்தாரு, ஒரு ஹால ஜிப்சம் போர்டு வச்சு மூணா தடுத்து, ஒவ்வொரு தடுப்புலயும் ரெண்டு கட்டில், காலைல பாத்ரூமுக்கு டோக்கன் மாதிரி டைம். நான் இங்க வந்தப்புறம்தான் அந்த ரூம ஒரு தடவ காட்டுனாரு, அந்த ரெண்டு வருஷமும் "நல்லாருக்கேன் நல்லாருக்கேன்"னே சொல்லிட்டு இருந்துருக்காரு. 2025 ஜூன்ல முனிசிபாலிட்டி இந்த தடுப்புங்கள எடுக்க சொல்லி ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா பக்கமெல்லாம் இறங்கிட்டாங்க. தீப்புடிச்சா ஓட வழி இல்லாத ரூம், எடுக்க வேண்டியதுதான், அதுல எனக்கு மாத்து கருத்து இல்ல. ஆனா அதுல இருந்தவங்க மாசம் 1,500, 2,000 சம்பளக்காரங்க, அவங்க எங்க போவாங்கன்னு நெனச்சா எனக்கு இன்னும் ஆறல. நம்ம ஜனங்கதானேடி அதுல பாதி பேரு. அண்ணா ரெண்டு மூணு மாசம் ஒரு நல்ல ஷேரிங் ரூம்ல இருக்கலாம், எஜாரில அவரு பேர ஓனர் பதிவு பண்றாரான்னு மட்டும் பாத்துக்கணும். வருஷக்கணக்குல வேணாம், நான் ஒத்துக்க மாட்டேன்.

12,000ல 5,000 வீட்டுக்கு போகும், தேவா, நெட்டு, ரெண்டு பிள்ளைங்க ஸ்கூலு, பஸ்ஸு. குசைஸ் பக்கம் வீடு எடுத்தா நம்ம இந்தியன் ஸ்கூலுங்க பக்கத்துலயே இருக்கு, பஸ் காசு மிச்சம். சேத்து வைக்க முடியும், ஆனா நீ மனசுல வச்சிருக்குற அந்த ஒன்றரை லட்சம் மிஞ்சாது, மொத வருஷம் ஏறக்குறைய ஒண்ணுமே மிஞ்சாது. இத சொல்ல எனக்கு பிடிக்கல, உன்ன பக்கத்துல வச்சுக்கணும்னு எனக்கு எவ்ளோ ஆசைன்னு உனக்கே தெரியும், ஆனா நீ வந்து மூணு மாசத்துல என் முன்னாடி உக்காந்து "நீ ஏண்டி சொல்லல"ன்னு கேட்டா என்னால தாங்க முடியாது. திருச்சி வீட்ட இப்போதைக்கு விக்காதீங்க, வாடகைக்கு விடுங்க.

ஆஃபர் லெட்டர அப்படியே ஃபோட்டோ புடிச்சு அனுப்பு, பேசிக் எவ்ளோ ஹவுசிங் எவ்ளோன்னு பிரிச்சு போட்டுருப்பாங்க, இவரு பாத்துட்டு அண்ணாகிட்ட பேசுவாரு. அம்மாவுக்கு கால் வலி எப்படி இருக்கு, அந்த மலைக்கோட்டை பக்கத்து வைத்தியர்கிட்ட காட்டுனீங்களா? எங்க பில்டிங் நாத்தூர்கிட்ட, அதான் வாட்ச்மேன்கிட்ட, நேத்தே சொல்லி வச்சிட்டேன், மூணாவது மாடில ஒரு குடும்பம் ஜனவரில ஊருக்கு போகுதாம், ஓனர் ஏஜென்ட்டுக்கு குடுக்குறதுக்கு முன்னாடி நேரா பேசுனா அந்த 3,150ஆவது மிச்சமாகும். கிச்சன் ஜன்னல் கிழக்கு பாத்தது, காலைல வெயில் வரும், உனக்கு துளசி வைக்க எடம் இருக்கு, நான் போய் பாத்துட்டு வந்தேன்.

உன்
பழைய மேல்கட்டில்காரி