எலியைக் காட்டித் தாய்மார்களைப் பயமுறுத்தாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் இணைப்பிதழில் வந்த மகப்பேறு கட்டுரையில், சிசேரியன் ஆன பெண்ணுக்குத் தாய்ப்பாசம் குறைவாகத்தான் இருக்கும், எலி ஆராய்ச்சியே அப்படிச் சொல்கிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. இன்னும் தையல்கூட ஆறாத என் தம்பி பெண்டாட்டி காதுபட, அந்த வரியை உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் உரக்கப் படித்தார்.

எலியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அது சொல்வதை முழுசாகக் கேட்க வேண்டாமா?

குட்டியே போடாத பெண் எலிக்கு, பிறந்த குட்டிகளின் வாசனையே ஆகாது, ஒதுங்கிப் போகும். அமெரிக்காவில் ஜே ரோசன்பிளாட் என்ற ஆராய்ச்சியாளர் அப்படிப்பட்ட எலிகளிடம் தினமும் குட்டிகளை விட்டுக்கொண்டே இருந்தார். கிட்டத்தட்ட ஒரு வாரத்தில் அவை குட்டிகளைக் கவ்விக் கூட்டில் சேர்த்தன, நக்கிக் கொடுத்தன, மடியில் பாலே இல்லாமல் பால் கொடுப்பதுபோல் மேலே கவிந்து நின்றன. ஆண் எலிகளும்கூட! இது 1967-லேயே வெளிவந்த ஆய்வு.

சரி, பிரசவத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. பெற்ற எலிக்கு அந்த ஒரு வாரம் தேவைப்படாது, உடனே தொடங்கிவிடும், ஏனென்றால் கர்ப்பத்தின் கடைசியில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இறங்கி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறுகிறது, மூளையில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனும் வேலை செய்கிறது. ஆனால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் அறுவை செய்து கர்ப்பப்பையையே எடுத்துவிட்ட எலிகளும், ஹார்மோன் அதேபோல் மாறுவதால், வேற்றுக் குட்டிகளைச் சீக்கிரமே சேர்த்துக்கொண்டன. 1970-களில் ரோசன்பிளாட்டும் ஹெரால்ட் சீகலும் காட்டியது இது. குட்டி எந்த வழியாக வந்தது என்பதிலா பாசம் இருக்கிறது?

அப்புறம், உங்கள் கட்டுரையாளர் தொடாமல் விட்ட விஷயம். பெற்ற உடனே குட்டிகளைப் பிரித்துவிட்டால் குட்டிகள் மேல் தாய் எலிக்கு உள்ள நாட்டம் சில நாளில் மங்கிவிடுகிறது. அரைமணி நேரம் சேர்ந்திருக்க விட்டாலோ, பத்து நாள் பிரிந்திருந்த பிறகும் குட்டிகளைச் சீக்கிரமே சேர்த்துக்கொள்கிறது. கனடாவில் அலிசன் ஃபிளெமிங் குழுவினர் 1987-ல் கண்டது. பார்ப்பதும் மோந்து பார்ப்பதும் மட்டும் போதவில்லை, மேனியில் பட வேண்டியிருந்தது.

எலிக் கணக்கு மனுஷிக்கு அப்படியே வராது, தெரியும். பெற்ற விதத்தில் இல்லை பாசம் என்று சொல்ல எலியும் தேவையில்லை, பிள்ளை கூட்டிக்கொள்ளும், அதாவது தத்தெடுக்கும், வழக்கம் உள்ள செட்டிநாட்டில், கூட்டி வந்த பிள்ளையை உயிராக வளர்த்த ஆச்சிமாரைக் கேட்டாலே போதும்.

எழுதுவதானால் இதை எழுதுங்கள்: எங்கள் பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் காலையில் சிசேரியன் முடிந்தால் குழந்தையைத் தாய் கையில் தரச் சாயங்காலம் ஆகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்துத்தானே இருக்கிறாள், பிறகு ஏன் இந்தத் தாமதம் என்று மகப்பேறு மருத்துவர்களிடம் கேட்டு வெளியிடுங்கள். அந்த வரிக்குத் திருத்தமும் போடுங்கள், அதே பக்கத்தில், கண்ணில் படுகிற எழுத்தில்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.