இரண்டரை அடிச் சுவரும் வேலூர் வெயிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை பிறந்துவிட்டால், மாநிலத்தில் அதிக வெயில் பதிவான ஊர்களின் பட்டியலில் வேலூர் எத்தனையாவது இடம் என்று பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஊரில் பலர் நாளிதழின் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்கள். ஆனால் இங்கே புதிதாக எழும்பும் கட்டடங்களைப் பார்த்தால், அவற்றை வரைந்தவர்கள் அந்தப் பட்டியலை ஒருநாளும் படித்ததில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது. கட்டடப் பணி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், கட்டடக்கலை படிக்கும் என் பேத்தி சொல்லித்தான் டீட்மார் எபர்லே என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞரைப் பற்றி அறிந்தேன். அவருடைய பணியில் நம் மாவட்டத்திற்கு உதவக்கூடியதும் உதவாததும் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

எபர்லே 1952-இல் ஆஸ்திரியாவின் மேற்குக் கோடியிலுள்ள ஃபோராள்பெர்க் மாநிலத்தில், ஹிட்டிசாவ் என்ற மலையூரில் பிறந்தவர். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1985-இல் கார்லோ பௌம்ஷ்லாகருடன் சேர்ந்து அலுவலகம் தொடங்கினார். 1999 முதல் 2018 வரை சூரிச்சிலுள்ள சுவிஸ் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ஒரு கட்டடத்தை முதலில் அது நிற்கும் இடத்திலிருந்தும், பிறகு அதைத் தாங்கும் அமைப்பிலிருந்தும், அதற்குப் பிறகு வெளிச்சுவரும் சன்னலும் சேர்ந்த அதன் மேலுறையிலிருந்தும் சிந்திக்க வேண்டும், உள்ளே நடக்கும் வேலை காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே இருக்கும் என்பது அவர் மாணவர்களுக்குக் கற்பித்த முறை. மருத்துவமனையாக இருந்தது பள்ளியாகி, பள்ளி பிறகு அலுவலகமாவதைக் கண்ட எவருக்கும் இதன் நியாயம் புரியும்.

அவர் சொன்னதைச் செய்து காட்டிய கட்டடம், 2013-இல் லுஸ்டெனாவ் என்ற ஊரில் தம் அலுவலகத்துக்காகவே எழுப்பிய ஆறு மாடிக் கட்டடம். அதன் பெயரே ‘2226’. ஆண்டு முழுவதும் உள்ளே வெப்பம் 22 முதல் 26 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பதே அந்தப் பெயரின் பொருள். உறைபனிக் குளிர் அடிக்கும் அந்த ஊரில், சூடேற்றும் கருவி, குளிரூட்டும் கருவி, காற்றைச் செலுத்தும் இயந்திரம் ஆகிய மூன்றும் இல்லாமலே அது இயங்குகிறது. மந்திரம் ஒன்றுமில்லை. 38 சென்டிமீட்டர் கனமுள்ள செங்கல் சுவர் இரண்டை ஒட்டி, மொத்தம் ஏறக்குறைய இரண்டரை அடிக் கனத்தில் கட்டி, உட்சுவர் பாரம் தாங்கவும், வெளிச்சுவர் வெப்பம் கடத்தாமல் காக்கவும் விட்டு, மேலே சுண்ணாம்புக் காரை பூசியிருக்கிறார்கள். சன்னல்கள் சுவருக்குள் ஆழமாகப் பதிந்திருப்பதால் உச்சி வெயில் நேராக உள்ளே விழாது. சன்னலை ஒட்டிய காற்றுக் கதவுகள், அறையின் வெப்பத்தையும் கரியமில வாயுவின் அளவையும் அறியும் உணரிகளைக் கொண்டு தாமாகத் திறந்து மூடுகின்றன. கோடையில் அவை இரவில் திறந்து, பகலில் சுவர் வாங்கிய சூட்டை வெளியேற்றுகின்றன. குளிர்காலத்தில் ஆட்களின் உடற்சூடும், விளக்கும், கணினியும் தரும் வெப்பமே போதுமானதாக இருக்கிறது.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். அங்கே வரவாக இருக்கும் அந்த உடற்சூடு இங்கே செலவு. அவர்களுடைய கோடை இரவு குளிர்ந்துவிடும். கத்தரி வெயில் காலத்தில் நம் இரவோ விடியும்வரை புழுங்கும். ஆகவே வெறும் தடித்த சுவரை மட்டும் நகல் எடுத்தால், பகலில் குடித்த சூட்டை இரவெல்லாம் கக்கும் அடுப்பைத்தான் கட்டியிருப்போம். மேலும், இருபதடி அகல மனையில் இருபுறமும் இரண்டரை அடிச் சுவர் எழுப்பினால் ஐந்தடி சுவருக்கே போய்விடும். ஒன்பது அங்குலச் சுவருக்குப் போவது ஒன்றரை அடி. சத்துவாச்சாரியில் மனை வாங்கியவரிடம் இதைச் சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். மாடியில்லாத வீட்டில் சூட்டைப் பெரும்பாலும் இறக்குவது சுவரைவிட மேல்தளம்தான் என்பதையும் மறக்கலாகாது. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கடுக்காய்ச் சாறும் சேர்த்து அடித்துப் போட்ட பழைய மெட்ராஸ் தளத்தின் அடியில் படுத்தவர்களுக்கு, வெறும் கான்கிரீட் தளத்தோடு ஒப்பிட விளக்கம் தேவையில்லை.

எபர்லேயிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அளவுகளை அல்ல, வரிசையை: முதலில் ஊரின் வெயில், பிறகு சுவரும் நிழலும், கடைசியில் கருவி. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். நான் அடிக்கடி போக நேரும் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம், மேற்கு முகம் முழுவதும் கண்ணாடி பதித்தது. சென்ற மே மாதம் அங்கே மின்சாரம் நின்ற அரைமணி நேரத்தில் ஊழியர்களும் மனு கொடுக்க வந்தவர்களும் எதிரேயிருந்த வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டோம். மனுவும் அங்கேயேதான் வாங்கப்பட்டது! கோட்டைக்குள் இருக்கும் தடித்த சுவர்க் கட்டடங்களில் நடுப்பகலில் நுழைந்து பார்த்தால் வேறுபாடு தானே தெரியும்.

எனவே, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் அடுத்துக் கட்டப்படும் அரசுப் பள்ளிகளில் ஒன்றையாவது, மனைப் பரப்பு தாராளமாக உள்ள இடத்தில், மேற்குச் சுவரைத் தடிப்பாக்கி, ஆழமான சன்னலும், வெளிமறைப்பும், இரவில் பாதுகாப்பாகத் திறந்து வைக்கத்தக்க காற்றுவழியும் வைத்துக் கட்டிப் பார்க்க வேண்டும் என்று பொதுப்பணித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வகுப்பறையிலும், வழக்கமான முறையில் கட்டிய பக்கத்து வகுப்பறையிலும், ஒரு கோடை முழுவதும் வெப்பமானியை மாட்டி, இரண்டின் அளவுகளையும் தங்கள் நாளிதழில் வெளியிட ஏற்பாடு செய்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பணி மேற்பார்வையாளர்,
கொசப்பேட்டை, வேலூர்.