சித்தப்பாவுக்கு, அந்த 'எக்ஸ்ட்ரா' சொல் பற்றி

சித்தப்பா,

இன்று ஜூன் 27. உங்கள் ஆள், நடிகர் பட் ஸ்பென்சர், செத்துப்போன நாள். இங்கே இத்தாலியில், பலெர்மோவில் மத்தியானமே ரீவியில் அவருடைய படம் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். எந்தப் படம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: அந்த வேற்றுக்கிரக ஷெரிஃப் படம்தான்.

போன ஞாயிறு போனில் நீங்கள் சொன்ன அந்த ஒரு வசனத்துக்கு நான் பதில் சொல்லவில்லை. லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

உங்களுக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் "கிடைச்சது" என்று ஒரு சொல்லோடு முடிப்பீர்கள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் போட்டால் கொஞ்சமாவது யோசிப்பீர்கள் என்று ஒரு நப்பாசை. சித்தி இதை வாசிப்பார் என்று தெரியும். ஆகவே 2009இல் நடந்த காசு விஷயத்துக்குள் போகமாட்டேன். அப்பாவைப் பற்றியும் இங்கே வேண்டாம்.

படத்தைப் பற்றியே எழுதுகிறேன். அதில் நான் உங்களுக்குப் பிழையாகச் சொன்னவை நிறைய இருக்கின்றன, முதலில் அவற்றைத் திருத்திவிடுகிறேன்.

அது அமெரிக்கப் படம் என்று உங்களிடம் சொன்னேன். இல்லை. அமெரிக்காவில் எடுத்தார்கள், அவ்வளவுதான். ஜோர்ஜியா மாநிலத்தில் நியூனன் என்ற சிறிய ஊர். எடுத்தவர்கள் இத்தாலியர்கள், ஆண்டு 1979. இயக்குநர் மிகேலே லூப்போ எந்த ஊரில் பிறந்தவர் தெரியுமா? கொர்லேயோனே. நாங்கள் இருந்த வீட்டிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டம். உலகம் முழுக்க வேறொரு காரணத்துக்காக, மாஃபியாவால், தெரிந்த ஊர். அங்கே பிறந்த மனுசன், துப்பாக்கியை விட்டுவிட்டுக் கையால் மொத்துகிற ஒரு ஷெரிஃபையும், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஒரு பொடியனையும் வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் எடுத்திருக்கிறார்.

அந்தப் பொடியனைப் பற்றியும் அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. கேரி கஃபி என்று பெயர். இதற்கு இரண்டு வருசம் முன்பு, 1977இல், ஸ்பீல்பெர்க்கின் படமொன்றில் வேற்றுக்கிரகத்தவர் தூக்கிக்கொண்டு போகிற குழந்தையாக நடித்தவன். இத்தாலியர்கள் அவனைப் பிடித்து வெள்ளை உடுப்பு மாட்டி, கையில் ஒரு மந்திரப் பெட்டியையும் கொடுத்து, வேற்றுக்கிரகத்தவனாகவே ஆக்கிவிட்டார்கள். நல்ல கெட்டிக்காரத்தனம். மற்றபடி இன்று பார்த்தால் படம் கொஞ்சம் இழுவைதான். பறக்கும் தட்டு வருகிற இடமெல்லாம் பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருக்கிறது. இதை உங்களுக்கு முன்னால் சொன்னால் கோபம் வரும்.

வில்லன்களில் ஒரு மலைபோன்ற ஆள் வருவாரே, அவரைப் பார்த்து "இவன் உண்மையான அடிகாரன்" என்று சொன்னீர்கள். அதில் நீங்கள்தான் சரி. ஜோ பக்னர். முகமது அலியோடு 1973இலும் 1975இலும் மோதி, இரண்டு தடவையும் விழாமல் கடைசிச் சுற்று வரை நின்றவர். ஹங்கேரியில் பிறந்து, 1956 கலவரத்துக்குப் பிறகு சின்ன வயதில் அகதியாக இங்கிலாந்து போனவர். அகதிப் பிள்ளை என்று அன்று தெரிந்திருந்தால் அவரும் உங்கள் ஆள் ஆகியிருப்பார்.

அப்புறம் அந்தக் குரல். "என்ன குரலடா, பீப்பாய்க்குள்ள இருந்து வாற மாதிரி" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். சித்தப்பா, அது பட் ஸ்பென்சரின் குரல் இல்லை. அவருடைய உண்மைப் பெயர் கார்லோ பெதெர்சோலி. நாப்போலிக்காரர், பேச்சில் அந்த ஊர் வாடை தூக்கலாக இருக்கும். அதனால் பெரும்பாலான படங்களில் கிளாவுகோ ஒனொராத்தோ என்ற வேறொரு நடிகர்தான் அவருக்கு இத்தாலியனில் பேசினார். இத்தாலியர்களுக்கே இத்தாலியனில் இன்னொருவர் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. இதைப் படித்த அன்று எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. நல்ல ஞாபகம் என்று சொல்லமாட்டேன்.

பதினொரு வயதில் நான் உங்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். டொக்டரிடம், வீட்டுச் சொந்தக்காரரிடம், சொஜோர்னோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற யன்னலடியில், என் பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றியே. ரீச்சர் "வகுப்பில் கவனமில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்" என்றார். "நல்லாப் படிக்கிறானாம்" என்று நான் உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். வரும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தீர்கள்.

அதுவும் உங்களுக்குத் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கு எதுவுமே நிச்சயமில்லை.

படத்திலும் இதே வேலைதான். "என்னவாம்? என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். எனக்கும் இத்தாலியன் வந்து ஒரு வருசம்தான். புரியாத இடங்களில் நானே கட்டிவிடுவேன். ஷெரிஃப் அந்தப் பொடியனிடம் உறுமிக்கொண்டு ஏதோ சொன்னபோது "சாப்பிட்டியா எண்டு கேக்கிறார்" என்றேன். இன்று அந்தக் காட்சியைக் கவனித்துக் கேட்டேன். சாப்பாட்டைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஆனால் நீங்கள் அப்போது "பாத்தியே, வெளியில உறுமினாலும் உள்ளுக்க நல்லவன்" என்றீர்கள். அது நான் கட்டிய பொய்யை வைத்து நீங்கள் எடுத்த முடிவு. முடிவு பிழை இல்லை என்பதுதான் விசேஷம்.

சரி. அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன்.

1999, கோடை. நீங்கள் வேலை செய்த சின்யோராவின் வீடு, மூன்றாம் மாடி. வெயிலுக்கு யன்னல் மரப்பலகைகளைப் பாதி இறக்கியிருந்தது. அந்த வீட்டுப் பெரியவரைக் குளிப்பாட்டிச் சாய்கதிரையில் இருத்திவிட்டு, அவருடைய படுக்கை விரிப்புகளை நீங்கள் அயன் பண்ணிக்கொண்டு நின்றீர்கள். நானும் அவருடைய பேரனும் தரையில், சலவைக்கல்லின் குளிர்ச்சியில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு படம் பார்த்தோம். உங்களை இருந்து பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நின்றபடியே பார்த்தீர்கள்.

சண்டை தொடங்கியது. அந்தக் கை இருக்கிறதே, மேலே போய் நேராக உச்சந்தலையில் இறங்குகிற கை, உலக்கை மாதிரி. அது இறங்கும்போதெல்லாம் உங்கள் அயன்பெட்டியும் மேசையில் இறங்கியது. டும். விழுந்தவன் எழும்பித் தலையை உலுக்கிக்கொண்டு திரும்ப ஓடி வருவான். டும். படத்துக்குப் படம் அதே நாலைந்து முகங்கள்தான் வந்து வாங்கிக்கொண்டு போகும். ரத்தம் இல்லை, செத்தவன் இல்லை. "இது சண்டை. இதுதான் சண்டை" என்று நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்கள். எதோடு ஒப்பிட்டுச் சொன்னீர்கள் என்று எனக்கு விளங்கியது. பெரியவர் தூக்கத்திலேயே சிரித்தது மாதிரி இருந்தது.

அப்போது சின்யோரா தன் கூட்டாளியோடு உள்ளே வந்தார். அந்தப் பெண்ணுக்கு உங்களைக் கையால் காட்டி ஒரு வசனம் சொன்னார். முழுவதையும் இங்கே எழுதமாட்டேன். அந்த வீட்டுப் பேரன் இன்றைக்கும் எனக்கு முகநூல் நண்பன், மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தி இதை வாசித்தாலும் வாசிப்பான். (அந்தப் பொத்தான் நான் பதினொரு வயதில் செய்ததைவிட மோசமாக மொழிபெயர்க்கும் என்பது ஒரு ஆறுதல்.) கரண்டிகளை எண்ணி வைப்பது பற்றிய வசனம் என்று சொன்னால் போதும். அதில் எக்ஸ்ட்ராகொமுனித்தாரி என்ற சொல் இருந்தது.

ஐரோப்பியச் சமூகத்துக்கு வெளியே இருந்து வந்தவன். சட்டத்தில் அவ்வளவுதான் பொருள். அந்தக் கணக்குப்படி அமெரிக்க ஷெரிஃபும் எக்ஸ்ட்ராகொமுனித்தாரிதான், ஆனால் அவர் வந்துபோனால் யாரும் கரண்டி எண்ணப்போவதில்லை.

நீங்கள் அந்த 'எக்ஸ்ட்ரா'வைப் பிடித்துக்கொண்டு "என்னவாம்?" என்று கேட்டீர்கள். படத்தின் தலைப்பிலும் அதே எக்ஸ்ட்ரா இருக்கிறதே, எக்ஸ்ட்ராதெரெஸ்த்ரே, பூமிக்கு வெளியே இருந்து வந்தவன் என்று. 'கொஞ்சம் எக்ஸ்ட்ரா, நிறையப் பூமி' என்று அதை வைத்தே தலைப்பில் ஒரு பகிடியும் விட்டிருப்பார்கள். நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "படத்தைப் பற்றிச் சொல்லுறா. நல்ல படமாம்" என்றேன்.

நீங்கள் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தீர்கள். கையை முட்டியாக்கி உங்கள் தலையிலேயே ஒரு குத்து விட்டீர்கள், பட் ஸ்பென்சர் மாதிரி. "சி, சின்யோரா! எக்ஸ்ட்ரா! பெல்லோ! மோல்தோ பெல்லோ!"

அந்தக் கூட்டாளிப் பெண் சிரித்த சிரிப்பில் பெரியவர் விழித்துவிட்டார். சின்யோராவும் சிரித்தார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். பேரன் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்தான். நான் படத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இருபத்தைந்து வருசத்துக்கு மேல் இதை வைத்திருந்தேன், சித்தப்பா. உங்களை நான் கோமாளியாக்கிவிட்டேன் என்று. எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்க வாயெடுத்து விட்டிருக்கிறேன். எனக்குப் பதினொரு வயது, சண்டை வரக்கூடாது, உங்கள் வேலை போகக்கூடாது, போனால் வாடகை. அவ்வளவு கணக்கும் அந்த ஒரு விநாடியில் போட்டேன் என்று சொன்னால் பொய். வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. உங்களுக்காகவா, உங்களாலா என்று இன்றைக்கும் பிரிக்க முடியவில்லை.

நீங்கள் ஞாயிறு சர்வசாதாரணமாகச் சொல்கிறீர்கள், "அண்டைக்கு அந்த மனுசி கரண்டியைப் பற்றித்தான் சொன்னவ எண்டு எனக்குத் தெரியும், தம்பி" என்று.

தெரியும்! ஏன் தெரியாமல்? எத்தனை வருசம் அந்தச் சொல்லைப் படிவத்திலும் வரிசையிலும் கேட்டுக்கொண்டு நின்றவர். அதைக்கூட யோசிக்காத மடையன் நான். எல்லாம் தெரிந்துகொண்டே தலையில் குத்திச் சிரித்துக் காட்டினீர்கள். எனக்காகத்தான். அது விளங்குகிறது, விளங்கியதும் முதலில் அழுகைதான் வந்தது. பிறகு கோபம் வந்தது. பேருந்தில் வீடு வரும்போது சொல்லியிருக்கலாமே. அடுத்த வருசம் சொல்லியிருக்கலாமே. உங்கள் பொய்யை நான் சுமக்க, என் பொய்யை நீங்கள் சுமக்க, ஒரே அறையில் பத்து வருசம் படுத்து எழும்பியிருக்கிறோம். அதுவும் போக, பாஷை அவ்வளவு விளங்கியிருந்தால் என்னை ஏன் எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு திரிந்தீர்கள்? நான் பந்தடிக்கப் போகாத பின்னேரங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்ததுண்டா? கரண்டி மாதிரி?

இதை அழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

2009இல் பிரஜாவுரிமை கையில் வந்ததும் எல்லோரையும் போல நீங்களும் லண்டனுக்குப் போனீர்கள். சித்தி, தங்கச்சி, பெட்டிகள். என்னையும் கேட்டீர்கள்தான், மறுக்கவில்லை. நான் வரவில்லை என்றதும் ஏன் என்று ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை. எனக்கு வேலை போய்விட்ட மாதிரி இருந்தது. இப்போது அங்கே தங்கச்சிதான் உங்களுக்கு எல்லாம் சொல்லித் தருகிறாள் என்று கேள்வி. அவளாவது பந்தடிக்கப் போகட்டும்.

2016இல் பட் ஸ்பென்சர் செத்த அன்று நீங்கள் எடுத்த போனை நான் எடுக்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், இதில் பிக்கல் பிடுங்கல் இல்லை. எடுத்திருந்தால் ஒன்று சொல்லியிருப்பேன். அவர் கடைசியாகச் சொன்ன சொல் 'கிராட்சியே', அதாவது நன்றி, என்று மகன் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். நீங்கள் இந்த ஊரில் அதிகம் பேசிய சொல்லும் அதுதான்.

என் வேலை தெரியும்தானே. ஆஸ்பத்திரியில், காரியாலயங்களில் எங்கள் ஆட்களுக்கு இத்தாலியனை மொழிபெயர்த்துச் சொல்வது. சின்ன வயதில் சும்மா செய்ததற்கு இப்போது சம்பளம் தருகிறார்கள். முதல் நாளே சொல்லித் தந்த விதி: சொன்னதைச் சொன்னபடி சொல், கூட்டாதே, குறைக்காதே, இனிப்புத் தடவாதே. நான் இனிப்புத் தடவாமல் சொல்லிவிட்டு வெளியே போய்ச் சிகரெட் பிடிக்கிறேன். (சித்தி, விட்டுவிடுவேன்.)

அதே விதிப்படி உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் லண்டனுக்கு வரப்போவதில்லை. அறையைப் பார்த்து வைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊர்ப் புனிதை சாந்த ரொசாலியாவின் மலைக்கு ஏறுகிற கூட்டத்தில் இன்னும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், வெறுங்காலோடு, திருநீறும் பூசிக்கொண்டு. நீங்கள் என்னைத் தோளில் வைத்து ஏறிய பாதை. எனக்கு இந்த ஊர் போதும். காரணத்தைத் திருப்பிக் கேட்டால் சொல்வேன், இந்தத் தடவை கேளுங்கள்.

அந்தப் படத்தை அங்கே இங்கிலீஷில் எடுத்துப் பார்க்கலாம் என்று தங்கச்சி சொன்னாளாம். பார்க்காதீர்கள், அதில் குரல் வேறு. 1980இல் அதற்குத் தொடர்ச்சியாக வந்த படமும் இருக்கிறது, அதே ஷெரிஃபும் அதே பொடியனும், ஊர் மட்டும் மாறி. அதை நாங்கள் பார்க்கவே இல்லை. இத்தாலியன் பிரதி என்னிடம் இருக்கிறது, தபாலில் போட்டுவிட்டேன். வந்து சேர்ந்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டு வையுங்கள். நீங்கள் "என்னவாம்?" என்று கேளுங்கள், நான் சொல்லுகிறேன்.

உங்கள்
பெறாமகன்