ஊர்ப் பெயரைச் சரியாக எழுது, கண்ணு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போன் செய்தபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாதி கேட்கவில்லை. "டீச்சர், அடுத்த மாசத்துல இருந்து மாவட்டம் முழுக்க என்ட பொறுப்பாம். 14 பேர். எனக்குப் பயமாக் கிடக்கு" என்றது மட்டும் நன்றாகக் கேட்டது. இத்தனை வருஷத்தில் உன் பேச்சு முழுக்க தாரமங்கலத்துப் பேச்சாகிவிட்டது. பயம் வந்தால் மட்டும் இலங்கையின் மூதூர் எட்டிப் பார்க்கிறது.

ஊர்விட்டு ஊர் வந்து நிற்கிற குழந்தைகளைக் கவனிக்கிற வேலை, சேலம் மாவட்டம் முழுக்க. "எதுல இருந்து தொடங்குறது டீச்சர்?" என்று கேட்டாய். நான் மாவுக் கையோடு ஏதோ உளறி வைத்தேன். சரியான பதிலை இங்கே எழுதுகிறேன். உன்னிடம் வேலைக்குச் சேரப்போகிற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடுகிறேன். உன் பெயரைப் போடவில்லை.

உன் அப்பா உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? 2006-இல் மூதூரில் சண்டை நடந்து, படகேறி, மண்டபம் அகதிகள் முகாமில் இருந்து, அப்புறம் பவளத்தானூர் முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தீர்கள். கையில் இருந்த ஒரே காகிதம் மண்டபத்தில் கொடுத்தது. அதைப் பார்த்து சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த ஊர் என்ற இடத்தில் 'மண்டபம்' என்று எழுதிவிட்டேன். உன் அப்பா ஒன்றும் சொல்லாமல் போனார். மறுநாள் காலையில் பிரேயருக்கு முன்னாடியே வாசலில் நின்றார். "ஊர் மூதூர் எண்டு எழுதுங்கோ டீச்சர். மண்டபம் நாங்கள் இறங்கின இடம்." அடித்து, மேலே எழுதி, ஹெச்.எம்.மிடம் சிவப்பு மையில் கையெழுத்து வாங்கினேன். ஒரு பதிவேட்டில் ஒரு சொல்லுக்காக ஒரு மனுஷன் எத்தனை தூரம் நடப்பார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்தும் புத்தி வரவில்லை என்பதற்குத்தான் அடுத்த கதை.

நான் ரிட்டயர் ஆன புதிதில், பழைய பஸ் ஸ்டாண்டில் தனியாக இருந்த ஒரு பையனை யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லி மீட்டார்கள். ஒன்பது வயசு இருக்கும். சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன்னால் கொண்டுபோய், ஒரு இல்லத்தில் சேர்த்தாயிற்று. அவனோடு உட்கார்ந்து பேசி விவரம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். டீச்சர் ஆச்சே, எழுதத் தெரியும் என்று. பெயர் சொன்னான். ஊர் 'ராம்கர்' என்றான். கடைசி எழுத்தை நாக்கை மடக்கி, ட-வும் இல்லாமல் ர-வும் இல்லாமல் சொன்னான். நம் எழுத்தில் அந்த ஒலிக்கு இடமில்லை. க-வுக்கும் ஒரே எழுத்துதான். நான் என் காதுக்குக் கேட்டபடி எழுதினேன்.

துணைக்குப் பேச வந்தவர் இனிப்புக் கடைக்காரர், ராஜஸ்தான்காரர். "ராம்கட்டா? எங்க பக்கம்தான்" என்றார். அவர் பக்கத்திலும் ராம்கர் இருக்கிறது. பீகாரில் இருக்கிறது. ஜார்க்கண்டில் அந்தப் பெயரில் ஒரு மாவட்டமே இருக்கிறது. நாங்கள் ராஜஸ்தானுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தோம். நாலு மாதம். அந்தப் பையன் பேசியது ஹிந்தியே இல்லை, கோர்தா என்கிற ஜார்க்கண்ட் பக்கத்துப் பாஷை என்று அப்புறம் தெரிந்தது. கடைக்காரருக்கும் பாதிதான் புரிந்திருக்கிறது, வெளியே சொல்ல வெட்கம். வடக்கே இருந்து வந்தால் ஹிந்தி என்று முடிவு கட்டியது நாங்கள்தானே, அவரைச் சொல்லி என்ன.

இல்லத்தில் அவனுக்குக் காகிதமும் கலரும் கொடுத்திருந்தார்கள். அவன் திரும்பத் திரும்ப ஒரே படம் வரைந்தான். தலையில்லாத ஒரு பொம்பளை. வெட்டின தலை அவள் கையிலேயே இருக்கிறது. கழுத்தில் இருந்து மூணு கோடாக ரத்தம். பார்த்தவர்கள் பதறிப்போய் 'மனநலம் பாதிக்கப்பட்டுள்ளது, கொலையைப் பார்த்திருக்கலாம்' என்று கோப்பில் குறிப்பு எழுதினார்கள். நானும் தலையாட்டினேன்.

நாலாவது மாதம் ஸ்டீல் பிளாண்ட் பக்கம் குடியிருந்த ஒரு ஜார்க்கண்ட்காரர் வேறு வேலையாக அங்கே வந்தார். சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். ராஜ்ரப்பா கோயில் அம்மன். சின்னமஸ்தா. தாமோதர் ஆற்றில் பைரவி ஆறு வந்து சேருகிற இடத்தில், ராம்கர் மாவட்டத்தில் இருக்கிறது. பையன் நாலு மாதமாகத் தன் ஊர் விலாசத்தைத்தான் வரைந்து வரைந்து கொடுத்திருக்கிறான். நாங்கள் அதைப் பைத்தியம் என்று எழுதி வைத்திருந்தோம்.

பத்து நாளில் அவன் வீட்டு ஆட்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அண்ணனோடு தன்பாத்–ஆலப்புழை ரயிலில் கேரளாவுக்குப் போனவன், சேலம் ஜங்ஷனில் தண்ணீர் பிடிக்க இறங்கியிருக்கிறான். வண்டி போய்விட்டது. அண்ணன் ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் தேடி அலைந்திருக்கிறான். 'எந்த வண்டியில வந்தே' என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் கிடைத்த பையன் பஸ்ஸில்தான் வந்திருப்பான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

எதில் இருந்து தொடங்குவது என்று கேட்டாயே, இதில் இருந்து தொடங்கு. உன் ஆட்கள் எழுதுகிற படிவத்தை எடுத்துப் பார். ஊர் என்பதற்கு ஒரே ஒரு கோடு விட்டிருப்பார்கள். அதைப் பத்து கோடாக்கு. எந்த வண்டி, ஊரில் எந்த ஆறு, என்ன கோயில், சந்தை எந்தக் கிழமை, பஸ் ஏற எங்கே போவீங்க, வீட்டில் என்ன பாஷை. பிள்ளை சொன்ன ஒலியை செல்போனில் பதிந்து வை. நீ எழுதியதில் தப்பு இருந்தாலும் குரலில் இருக்காது.

இப்போது உன் 14 பேர். எத்தனை பேருக்குத் தமிழும் ஹிந்தியும் தவிர இன்னொரு பாஷை தெரியும்? நான் பந்தயம் கட்டுகிறேன், ஒருத்தருக்கும் தெரியாது. போன வருஷம் ஏற்காட்டில் நடந்ததைக் கேள். எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் ஏழு வயசுப் பிள்ளை, தம்பியை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றது. அம்மாவும் அப்பாவும் காப்பிப் பழம் பறிக்கப் போயிருந்தார்கள். கன்னம் வீங்கியிருந்தது. என்கூட வந்த பையன் ஹிந்தியில் என்னென்னவோ கேட்டான். பிள்ளை பேசவில்லை. கடைசியில் வாயைத் திறந்து விரலை வைத்து, "பல்" என்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் அப்பன் வந்ததும் கேட்டால், கும்லா மாவட்டம், ஒராவோன் ஜனங்கள், வீட்டில் பேசுவது குடுக். கோண்டி, பிராகுயி மாதிரி அதுவும் நம் திராவிடக் குடும்பத்து மொழிதான். நான் என்பது அவர்களுக்கு 'ஏன்', நீ என்பது 'நீன்'. பிள்ளை மூட்டையை எண்ணிக் காட்டியது: ஒண்ட், எண்ட், மூண்ட், நாக். அஞ்சில் இருந்து வடக்கத்தி எண்ணிக்கைக்குத் தாவிவிட்டது. ஆயிரம் மைல் தாண்டி வந்த பிள்ளை நம்மிடம் நம் சொல்லையே சொல்கிறது, நாம் 'தாந்த், தாந்த்' என்று ஹிந்தியில் கத்திக்கொண்டிருக்கிறோம். மறுநாள் ஏற்காடு அரசு ஆஸ்பத்திரியில் காட்டினோம். பால் பல்தான், ஆடிக்கொண்டிருந்தது, எடுத்துவிட்டார்கள்.

அந்த லைன் வீடுகளில் விவரமான பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு எடு. டிகிரி இல்லை என்று உன் மேலிடத்தில் சொல்வார்கள். சண்டை போடு. உன் முகாமில் சாயங்கால வகுப்பு எடுத்தது யார்? வெளியில் இருந்து வந்த எங்களைப் போன்ற ஆட்களா? 1984-இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிகளே அகதிகளுக்காக நடத்தியது. பிள்ளைகள் படித்துவிட வேண்டும் என்று அவர்கள் விடாப்பிடியாக நின்றதால்தான் நீ இன்றைக்கு 14 பேருக்குத் தலைமை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற விஷயம் உனக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். பிறப்புச் சான்று இல்லை, டி.சி. இல்லை, பாதி வருஷம் போயிருச்சு என்று மூன்று சாக்கு வரும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் மூன்றுக்கும் பதில் இருக்கிறது. நகலைப் பையில் வைத்துக்கொள், ஆனால் முதலில் நீட்டாதே. டீச்சரம்மாவிடம் காபி குடித்துவிட்டுப் பேசு. 40 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் பாஷை தெரியாத ஆறு பேரை உட்கார வைப்பது அவளுக்கும் கஷ்டம்தான். சொல்கிறவள் டீச்சர், நம்பு.

செங்கல் சூளைதான் நீ தடுக்கி விழக்கூடிய இடம். அங்கே கூலி ஆளுக்கு இல்லை, ஆயிரம் கல்லுக்கு. குடும்பமாக முன்பணம் வாங்கிக்கொண்டுதான் வண்டியேறுகிறார்கள். அது கழியும்வரை கிளம்ப முடியாது. அதனால் எட்டு வயசுக் கையும் காய்கிற கல்லைத் திருப்பிப் போடுகிறது. ஒரு நாள் ஜீப்பில் போய் நாலு பிள்ளைகளைத் தூக்கி வந்துவிடலாம். மாதக் கடைசி அறிக்கையில் 'மீட்கப்பட்டோர் 4' என்று பார்க்க அழகாக இருக்கும். கடன் அப்பன் தலையில் அப்படியே இருக்கும், பிள்ளை இல்லத்தில் அழுதுகொண்டிருக்கும், அடுத்த சீசனில் அதே குடும்பம் வேறு சூளையில் நிற்கும். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) கையெழுத்துப் போட்ட விடுதலைச் சான்று குடும்பத்துக்கே வாங்கிக் கொடுத்தால் அந்தக் கடன் சட்டப்படி செத்துப்போகும். அதற்கு வாரக்கணக்கில் அலுவலகப் படியேற வேண்டும். அறிக்கையில் அது ஒரு வரிகூட வராது. உன் ஆட்களை எண்ணிக்கைக்காக ஓட விடாதே. மேலே இருக்கிறவர்கள் எண்ணிக்கை கேட்டால் நீ வாங்கிக் கட்டிக்கொள், கீழே இறக்காதே. பொறுப்பு என்று அதைத்தான் உனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் போட்டோ. பணம் கொடுக்கிறவர்கள் கேட்பார்கள். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. ஆறு மாதம் வரை ஜெயில், இல்லையென்றால் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. நானும் ரொம்ப நாள் இதில் கறாராகப் பேசிக்கொண்டிருந்தேன். எக்லண்டைன் ஜெப் என்ற இங்கிலாந்துக்காரப் பெண்ணைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு கொஞ்சம் தடுமாற்றம். கொஞ்ச காலம் டீச்சராக இருந்து, நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டுப் போனவர் (அதற்காகவே எனக்குப் பிடிக்கும்). முதல் உலகப் போர் முடிந்தும் எதிரி நாட்டுக் குழந்தைகள் பட்டினி கிடந்தார்கள். 1919-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஆஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட துண்டுப் பிரசுரம் கொடுத்ததற்காக ஜெப்பைக் கைது செய்து 5 பவுண்ட் அபராதம் போட்டார்கள். அந்த வருஷமே தங்கையோடு சேர்ந்து 'சேவ் தி சில்ட்ரன்' என்ற குழந்தைகள் உதவி அமைப்பை ஆரம்பித்தார். அவர் எழுதிய குழந்தைகள் உரிமைப் பிரகடனத்தை 1924-இல் உலக நாடுகள் சங்கம் ஏற்றுக்கொண்டது. ஆக, இந்த வேலையே எலும்பும் தோலுமான ஒரு குழந்தையின் படத்தில் ஆரம்பித்ததுதான். அந்தக் குழந்தையிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு இதற்கு முடிவான பதில் இல்லை. ஆனால் முகாமுக்கு வெள்ளை வேனில் வந்தவர்கள் உன்னைத் தட்டோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்களே, அப்புறம் ஒரு வாரம் நீ பள்ளிக்கூடத்தில் தட்டைத் தொடவில்லை. அது எனக்கு மறக்கவில்லை.

2022 முடிவில் உலகம் முழுக்க 4 கோடியே 33 லட்சம் குழந்தைகள் இடம்பெயர்க்கப்பட்டிருந்தார்கள் என்று யுனிசெஃப் கணக்கு. கூட்டத்தில் பேசும்போது சொல்லிக்கொள். ஜங்ஷனில் ஒரு பிள்ளை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அது எதற்கும் உதவாது.

ஒரு பழைய 80 பக்க நோட்டு தருகிறேன். ஆறு, கோயில், சந்தைக் கிழமை என்று நான் கேட்டுக் கேட்டு எழுதியது. என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தானே. ராம்கர் மூன்றாவது பக்கத்தில்.

சனிக்கிழமை மலைக்குப் போகிறாய் என்றாய். 20 கொண்டை ஊசி வளைவிலும் உனக்குத் தலை சுற்றும், எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள். பழம் பறிக்கிற சீசன் ஆரம்பித்துவிட்டது, அந்தக் குடும்பம் இந்த வருஷமும் வந்திருக்கலாம். பிள்ளைக்குக் கீழ்வரிசையில் இடது பக்கம், பல் முளைத்துவிட்டதா என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பண்ணு, கிரைண்டர் ஓடாது.

அன்புடன்,
டீச்சர்