கிராணி ஐயாவுக்கும் நம் ஊர் மக்களுக்கும் நன்றி

நம் தோட்டத்து மக்களுக்கும் தாமான் குடியிருப்பாளர்களுக்கும் வணக்கம்.

மூச்சு இழுப்பால் ஆஸ்பத்திரியில் இருந்த என் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று ராத்திரி தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மூச்சு இரைக்காமல் தூங்கினாள். நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்கும் தெம்பில்லை.

நடுராத்திரியில் கார் எடுத்து வந்த வொர்க்‌ஷாப் முதலாளி தவுக்கே, வார்டில் என் மனைவிக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக், பாடங்களை எழுதி அனுப்பிய தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள், கேட்காமலே பணம் கொடுத்த கோயில் கமிட்டி, வீடு வீடாகப் போய்த் தூசு பற்றிய மனுவுக்குக் கையெழுத்து வாங்கிய பிள்ளைகள், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

ஆனால் நான் எழுத உட்கார்ந்ததே நம் தோட்டத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த பழைய கிராணி ஐயாவுக்காகத்தான்.

தோட்ட ஆபீசில் தினமும் காலையில் மழை அளவைப் பார்த்துக் குறிப்பது அவர் வேலையாக இருந்தது. ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அவரும் ஓய்வு பெற்றார், அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. கடலோரத்தில் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையத்தின் தூசு பற்றி ஊரில் பேச்சு எழுந்த பிறகு, தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டையும் வைத்திருக்கிறார். பள்ளிக்கூட நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று கட்டம்: மழை, காற்று, தட்டு. "பிற்பகல் கடல்காற்று. தட்டு கறுப்பு, விரலில் ஒட்டுகிறது." "இரவு நல்ல மழை. தட்டு சுத்தம்." எல்லாம் நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தார். "டாக்டர்கிட்ட காட்டுங்க தம்பி, உதவுதான்னு பாருங்க" என்றார். உட்காரச் சொன்னேன், பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார்.

டாக்டர் அந்த நோட்டையும் மகளின் சிகிச்சை அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதி தேதியாகப் பார்த்தார். கடல்காற்று பலமாக அடித்த நாட்களை ஒட்டித்தான் அவளுக்குப் பெரும்பாலும் இழுப்பு வந்திருக்கிறது. தட்டில் விழுவது பெரிய தூள், நுரையீரலின் ஆழத்துக்குப் போவது கண்ணுக்கே தெரியாத பிஎம் 2.5 துகள் என்று விளக்கினார். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதானாம். புகைபோக்கியிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடும் காற்றில் கலந்து அப்படிப்பட்ட துகளாக மாறுமாம். இந்த நோட்டு மட்டும் ஆதாரம் ஆகிவிடாது என்றும் சொன்னார். ஆனாலும் இன்ஹேலரை மாற்றிக் கொடுத்தார், பிற்பகலில் எந்த ஜன்னலைச் சாத்துவது என்று எங்களுக்கும் தெரிந்தது.

தூசு பற்றி அதிகாரிகளோடு நடந்த கூட்டத்திலும் அந்த நோட்டுதான் பேசியது. இதுவரை எது கேட்டாலும் சுமத்ராவில் காடு எரிவதால் வரும் புகைமூட்டம் என்ற பதில்தான் வரும். புகைமூட்டமே இல்லாத மாதங்களிலும் "தட்டு கறுப்பு" என்று இருந்ததைப் படித்துக் காட்டியதும் அதிகாரிகள் குறிப்பெடுத்தார்கள். நம் ஊரில் காற்றில் உள்ள தூசை அளக்கும் ஒரு கருவி வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

என் வீட்டு மின்விசிறியும், மகளின் நெபுலைசரும் அந்த மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. அது எனக்கு மறக்கவில்லை. பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரி மலேசியாவின் பெரும் பகுதியில் விளக்கெரிக்கிறது, காப்பார், மஞ்சோங், போர்ட்டிக்சன், தஞ்சோங் பின் என்று மேற்குக் கரையோரத்து ஊர்கள் அதன் பக்கத்திலேயே குடியிருக்கின்றன. 2044க்குள் நிலக்கரியை முழுக்க நிறுத்துவதாக அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அதற்குள் என் மகள் ஒரு பிள்ளைக்கே தாயாகிவிடலாம். அதுவரை சும்மா இருக்க முடியாது.

ஐயாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. இனி அந்த நோட்டை நான் எழுதுகிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு தட்டு போதாது என்கிறார். கடல் பக்கத்து வரிசையிலும் பள்ளிக்கூடத்திலும் வைக்க ஆள் வேண்டும். நோட்டும் தட்டும் வாங்கி வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.