செயலாளரின் ஆண்டறிக்கை: இரவல் கொடுத்த மருத்துவக் கருவிகள்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வந்திருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கண் பரிசோதனை முகாம், படிப்பகத்துக்கு வெள்ளையடித்தது எல்லாம் நீங்கள் கூடவே இருந்து பார்த்தவை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நம் அலமாரியில் இருக்கும் மருத்துவக் கருவிகளைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு வீல்சேர், இரண்டு வாக்கர் என்று ஆரம்பித்தோம். அப்போது மாதத்துக்கு ஒருவர் வந்து கேட்டாலே அதிகம். இப்போது கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டியெல்லாம் ஆள் வருகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். தண்டையார்பேட்டையில் நம் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வேலைக்காக ஓ.எம்.ஆர். பக்கம் குடிபோய்விட்டார்கள், அப்பா அம்மா இங்கேயே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் முதல் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்து, பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே கிடைக்கிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சியும் தருகிறார்கள். பெரிய உதவி அது. ஆனால் அந்தத் திட்டத்து ஆட்கள் வந்து போன பிறகு, ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை போக வேண்டுமே, அதற்குத்தான் நம்மிடம் வருகிறார்கள்.

இந்த ஆண்டு ஒரு தவறு செய்தோம். ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவருக்கு வீல்சேர் கொண்டுபோனோம். அது லைன் வீடு. நிலைக்கதவு இருபத்திரண்டு அங்குலம், வீல்சேர் இருபத்தைந்து. கழற்றிப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம், உள்ளே போகவில்லை. ஐயா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "பரவாயில்ல தம்பி, வெளியவே இருக்கட்டும்" என்றார். வெளியே வரவே முடியாதவருக்கு வெளியே கிடக்கும் வண்டியால் என்ன பயன்? அப்புறம், உட்கார்ந்தபடியே மலசலம் கழிக்க அடியில் பாத்திரம் வைத்த கமோடு நாற்காலி ஒன்றைக் கட்டில் பக்கத்திலேயே போட்டுக்கொடுத்தோம். அதிலிருந்து, டேப் எடுத்துப் போய்க் கதவையும் படியையும் அளக்காமல் எதையும் கொடுப்பதில்லை.

வாக்கரும் அப்படித்தான். பெரியவர் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்கு வர வேண்டும். கூனிக்கொண்டு பிடித்தால் விழத்தான் செய்வார்கள். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்தால் மாற்றச் சொல்லுங்கள், மொசைக் தரையில் வழுக்கும்.

காற்று மெத்தையில் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். படுக்கைப் புண்ணுக்காக ஓர் அம்மாவுக்குக் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துப் போனால், காற்று மெத்தை மேலே இலவம்பஞ்சு மெத்தை, அதற்கு மேலே ரப்பர் ஷீட், அதற்கும் மேலே கோரைப்பாய். குளிருமே என்று மருமகள் பாசமாகத்தான் போட்டிருந்தார். மெத்தைக்குள் இருக்கும் காற்றுப் பைகள் மாறி மாறி உப்பி அடங்கினால்தான் ஒரே இடத்தில் அழுத்தம் விழாது. மேலே ஒரு மெல்லிய துணி போதும். மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதை விடக் கூடாது.

ஆக்சிஜன் மெஷினுக்கு டாக்டர் சீட்டு கட்டாயம். எத்தனை லிட்டர் என்று அவர் எழுதியதை நாமாகக் கூட்டக் கூடாது. அது அறைக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்சிஜனைத் தருகிறது. கரண்ட் போனால் நின்றுவிடும். அதனால் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தாக வேண்டும். அந்த அறையில் சாமி விளக்கு, கற்பூரம், பீடி எதுவும் கூடாது. இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிய பிறகே கொடுக்கிறோம்.

திருப்பி வாங்குவதுதான் மனசுக்குக் கஷ்டமான வேலை. பாதி வீடுகளில் துக்கம் நடந்த பிறகுதான் பொருள் திரும்பி வருகிறது. பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை நாங்கள் கேட்பதில்லை. அதற்குள் வேறொருவர் காத்திருப்பார் என்பதும் தெரியும். பொருளைத் திருப்பித் தரச் சொல்லி அந்த வீட்டாரிடம் உறுப்பினர்களே எடுத்துச் சொன்னால் நல்லது.

வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு வீல்சேர், வாக்கர், காது கேட்கும் கருவி இலவசமாகக் கொடுக்கும் மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் இருக்கிறது. விண்ணப்பம் எழுதித் தர ஞாயிறு காலையில் அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள்.

வரும் ஆண்டில் வீல்சேர் இனி வாங்க வேண்டாம், அந்தப் பணத்தில் கமோடு நாற்காலியும் காற்று மெத்தையும் வாங்கலாம் என்பது என் கருத்து. கடற்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கிறது, அதனால் அலுமினியம் அல்லது எவர்சில்வராகப் பார்த்து வாங்க வேண்டும். இதைத் தீர்மானமாக முன்வைக்கிறேன். ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்